எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில்

சந்தனமேரியின் பாட்டுகள் துண்டு துண்டாகத்தான் பிறந்தன. முதலில் லேப்டாப்பில் வயலினை ஏற்றுவாள். கீபோர்டில் அதை வாசித்து, ஒலிக்கோப்பாக மாற்றி வைத்துவிட்டு, வயலினை இறக்கிவிடுவாள். இரண்டையும் ஒன்றாக லேப்டாப் தாங்காது. அப்புறம் புல்லாங்குழலை ஏற்றுவாள். அது முடிந்ததும் அதையும் இறக்கிவிட்டுத் தபேலா. எல்லாம் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பது கடைசியில்தான் காதில் விழும். விழுந்தபிறகு பிடிக்கவில்லை என்றால் திரும்ப வயலினிலிருந்து தொடங்க வேண்டும்.

பீர்மேட்டிலிருந்து உள்ளே போகும் எஸ்டேட் ஒன்றின் மூன்றாம் டிவிஷனில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீடு அவளுடையது. பகலில் தேயிலைக் கொழுந்து எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் பூசைக்குக் கீபோர்டு வாசிப்பாள். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. கோயிலில் சும்மா மூடிக்கிடந்த கீபோர்டைத் தட்டித் தட்டித் தானே படித்துக்கொண்டாள். ஒரு வருஷம் திருவிழாப் பாட்டுக்கு இசை போட்டுத்தர வேண்டிய ஆள் கம்பத்திலிருந்து வராமல் போனான். அப்போது செல்போனிலேயே ஒரு மென்பொருளை இறக்கி, தெரிந்தவரை தாளமும் சுரமும் போட்டுக் கொடுத்தாள். பாடகர்கள் அதோடு சேர்ந்து பாடினார்கள். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பித்து. மாதாகோயில் பாட்டு, மாரியம்மன் கோயில் பாட்டு, கல்யாண வீட்டு வரவேற்புப் பாட்டு என்று சுற்றுவட்டாரத்தில் எது வேண்டுமானாலும் அவளிடம் வந்தது. கணவன் பொன்ராஜ் ஜீப் ஓட்டுகிறவன். சுற்றுலா வருகிறவர்களைப் பருந்தும்பாறைக்குக் கூட்டிப்போவான். போகிற வழியெல்லாம் மனைவி போட்ட பாட்டை ஓடவிடுவான். கேட்டால்தான் யாருடையது என்று சொல்வான். கேட்காவிட்டால் கேட்கும்வரை சத்தத்தைக் கூட்டுவான்.

அந்த ஜீப்பில் வந்த ஒருவர் மூலமாகத்தான் கஞ்சிக்கோட்டுத் தொடர்பு கிடைத்தது. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் சிவப்பிரகாஷ் என்கிற இளைஞர் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். பாலக்காட்டுக் கிழக்குப் பகுதிக் கோயில்களுக்கும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கோயில்களுக்கும் பக்திப் பாட்டு பதிவுசெய்து தருகிறவர். சந்தனமேரியின் இசையைக் கேட்டுவிட்டு, ஒரு மாரியம்மன் பாட்டுக்கு வாத்தியம் அமைத்துத்தரச் சொன்னார். அது நன்றாக அமைந்தால் தொடர்ந்து வேலை உண்டு என்றார்.

அந்தப் பாட்டுக்கு அவள் உழைத்த உழைப்பு கொஞ்சமல்ல. நாதஸ்வரம், பம்பை, வயலின் கூட்டம் என்று ஒவ்வொன்றாக ஏற்றி, வாசித்து, மாற்றி, இறக்கி, அடுக்கினாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோட்டயம் போய் ரயில் ஏறிப் பாலக்காட்டில் இறங்கினாள். கூடத்துக்குப் பாட வந்தவர் பழனிச்சாமி. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர், திருவிழா மேடைகளில் பெயர் போன குரல். பாட்டை ஓடவிட்டதும் தலையை ஆட்டி ரசித்தார். பாடத் தொடங்கியபோது மேல்சுரத்தில் குரல் எட்டவில்லை. திரும்ப முயன்றார். திரும்பவும் எட்டவில்லை.

சிவப்பிரகாஷ் அவளிடம் வந்து தணிவாகச் சொன்னார்.

"மேரியக்கா, பாட்டு அருமையா இருக்குதுங்க. ஒரு அரைக்கட்டை மட்டும் எறக்கிக் குடுத்தீங்கன்னா அண்ணன் அப்படியே பாடிருவாருங்க."

உலகத்தில் எந்த இசையமைப்பாளரிடமும் கேட்கக்கூடிய சின்ன உதவி அது. வாத்தியங்கள் வாத்தியங்களாகவே கம்ப்யூட்டரில் இருந்தால், ஒரு பொத்தானில் எல்லாம் அரைக்கட்டை இறங்கிவிடும். அவளிடம் இருந்தவையோ உறைந்துபோன ஒலிக்கோப்புகள். இழுத்து இறக்கிப் பார்த்தாள். நாதஸ்வரம் காய்ச்சல்காரன் முனகுவதுபோல் கேட்டது. பம்பை தகரமானது. பழனிச்சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் அடக்கிக்கொண்டதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்ய வேண்டும், சில வாரம் ஆகும் என்றாள். சிவப்பிரகாஷ் முகம் சுளிக்கவில்லை. கோயில்காரர்களுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டதால் காத்திருக்க முடியாது என்று மட்டும் சொன்னார். அவள் கூடத்தைவிட்டு இறங்குவதற்குள் கோயம்புத்தூரில் இருக்கும் வேறொருவருக்குப் போன் போய்விட்டது.

திரும்பிவரும் ரயிலில் அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது. கோபம் யார்மேலும் இல்லை, மடியில் இருந்த லேப்டாப்மேல். அதைக் கட்டப்பனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷிஜுவிடம் முன்பே ஒருமுறை கொண்டுபோயிருந்தாள். மெமரியைக் கூட்டிப்போட முடியுமா என்று கேட்டபோது, ஷிஜு பின்பக்கத்தைத் திறந்து காட்டினான். மெமரி சில்லுகள் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தன. கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. வாங்கிய அன்றைக்கு எவ்வளவோ, சாகும்வரை அவ்வளவுதான்.

அவளுடைய வேலைக்கு மெமரிதான் உயிர். அவள் பயன்படுத்தும் வயலின் பொம்மை வயலின் இல்லை. உண்மையான கலைஞர்கள் ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, வேகமாக, அழுத்தி, வருடி வாசித்துப் பதிவுசெய்த ஆயிரக்கணக்கான ஒலிகள். அந்த ஒலிகள் எல்லாம் விரலுக்குச் சட்டென்று எட்டும்படி மெமரியில் போய் உட்கார வேண்டும். உட்கார இடமில்லாவிட்டால் சத்தம் வெட்டி வெட்டி வரும், இல்லையென்றால் எல்லாமே நின்றுபோகும். எத்தனை வாத்தியமோ அத்தனை இடம்.

மறுவாரமே கட்டப்பனைக்குப் போய் ஷிஜுவின் முன்னால் நின்றாள். மேசைமேல் வைக்கிற கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும், பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டியது, நாளைக்கு மெமரி போதவில்லை என்றால் பெட்டியைத் திறந்து நானே கூட்டிப்போடுகிற மாதிரி வேண்டும் என்றாள். ஷிஜுவும் தமிழ்க் குடும்பம்தான். தாத்தா காலத்தில் சங்கரன்கோவிலிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வந்தவர்கள். ஆனால் கட்டப்பனை வளர்ப்பு அவனை அக்கா வயதுப் பெண்களையெல்லாம் சேச்சி என்று கூப்பிட வைத்திருந்தது.

"சேச்சி, எல்லாரும் முதல்ல பிராசசர் கேப்பாங்க. நீங்க மெமரில இருந்து தொடங்குறீங்க. அப்ப நாமளும் அங்கயே தொடங்குவோம். போர்டும் ரேமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். மத்ததெல்லாம் பின்னால வரட்டும்."

அவனிடம் முந்தைய தலைமுறை போர்டு ஒன்று இருந்தது. டிடிஆர்4 ரேம் எடுக்கும். மலிவு. ஆனால் அந்த வகை போர்டுகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பிராசசரை மாற்ற நினைத்தால் போர்டையும் ரேமையும் சேர்த்தே தூக்கிப்போட வேண்டிவரும். புதிய டிடிஆர்5 அதில் ஏறாது. ரேமின் அடியில் இருக்கும் சின்ன வெட்டு இடம் மாறியிருக்கும், அழுத்தினாலும் உட்காராது. ஷிஜு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். அவள் ஒன்றுக்கு மூன்றுமுறை பார்த்துவிட்டு, டிடிஆர்5 எடுக்கும் போர்டே வேண்டும், ரேம் செருகும் இடம் நான்கு இருக்க வேண்டும் என்றாள். அந்த வருஷம் ரேம் விலை ஏறிக்கொண்டே போனது. போனஸையும் பாட்டுக்குச் சேர்ந்த காசையும் ஒன்றாக்கிப் போர்டு, பிராசசர், பெட்டி எல்லாவற்றையும் முதலில் வாங்கி ஷிஜுவிடமே வைத்தாள். ரேம் மட்டும் பாக்கி.

இதற்கிடையில் பொன்ராஜுக்குக் கோயம்புத்தூர் சவாரி ஒன்று வந்தது. அங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, என்ன ரேம் என்று மனைவியிடம் போனில் கேட்டான். அவள் கொழுந்துக் கூடையோடு எடை போட நின்றுகொண்டிருந்தாள். டிடிஆர்5, முப்பத்திரண்டு ஜிபி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் பொன்ராஜ் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை மாலை மரியாதைபோல அவள் கையில் கொடுத்தான். திறந்து பார்த்தாள். ரேம் விரல் நீளத்துக்குக் குட்டையாக இருந்தது.

"ஏங்க, இது லேப்டாப்புக்கு உள்ளதுல்லா."

"நீ சொன்னதத்தான் வாங்கிட்டு வந்தேன். டிடிஆர் அஞ்சு, முப்பத்திரண்டு. பெரிய கம்ப்யூட்டர்னு நீ சொல்லவே இல்லையே."

உண்மைதான். டிடிஆர்5 என்று சொன்னால் போதும் என்று அவளும் நினைத்திருந்தாள். அதே பெயரில் லேப்டாப்புக்கு ஒரு உருவமும் மேசைக் கம்ப்யூட்டருக்கு ஒரு உருவமும் உண்டு என்பது அவளுக்குத் தெரியும், சொல்லத்தான் மறந்துபோனாள். பொன்ராஜின் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அவனுக்கும் தொற்றிக்கொண்டது. அந்தக் குட்டை ரேமை ஷிஜு தன் வாடிக்கையாளர் ஒருவரின் லேப்டாப்பில் போட்டு, வந்த பணத்தை அவளுக்கே வரவு வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் அவசரப்படவில்லை. தேநீர் இடைவேளைகளில் போனில் போர்டின் கையேட்டைப் படித்தாள். இங்கிலீஷ் தடுக்கிய இடத்தில் ஷிஜுவைக் கூப்பிட்டாள். அவன் சொன்ன ஒரு யோசனையை அவள் ஏற்கவில்லை. கடையில் பதினாறு ஜிபி ரேம்கள் கையிருப்பில் இருந்தன. நான்கு எடுத்து நான்கு இடத்திலும் செருகிவிட்டால் இன்றைக்கே அறுபத்துநான்கு ஆகிவிடும், வேலை முடிந்தது என்றான்.

"நாளைக்குக் கூட்டணும்னா எங்க போடுறது ஷிஜு? எல்லாத்தையும் பிடுங்கித்தான போடணும்?"

ஷிஜு யோசித்துவிட்டு, அது சரிதான் என்று ஒத்துக்கொண்டான். கூடவே இன்னொன்றும் சொன்னான்: டிடிஆர்5இல் நான்கு இடத்தையும் நிரப்பினால் போர்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு பெரிய ரேம் போட்டால் வேகமும் குறையாது, இரண்டு இடமும் மிஞ்சும். என்றைக்காவது நான்கையும் நிரப்பி வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, எனக்கு வேகத்தைவிட இடம்தான் பெரிது என்றாள் அவள். இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்: முப்பத்திரண்டு ஜிபி, இரண்டு.

ஷிஜு தேடிப்பிடித்து இரண்டைக் கொண்டுவந்தான். ஒன்று கடையில் இருந்தது, இன்னொன்று தொடுபுழையிலிருந்து வரவழைத்தது. ஒரே கம்பெனி, ஒரே அளவு, மேலே ஒட்டியிருந்த விவரமும் ஒன்றே. மலை ஏறிப்போன பிறகு கோளாறு என்றால் இறங்கிவருவதற்கு ஒருநாள் சம்பளம் போய்விடும், அதனால் இங்கேயே போட்டுப் பார்த்துவிடு என்றாள். ஒவ்வொன்றாகப் போட்டால் ஓடியது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் திரை இருண்டே கிடந்தது. இடம் மாற்றிப் போட்டார்கள். அப்படியும் இருட்டுதான். ஷிஜு இரண்டின் உள்விவரத்தையும் தனித்தனியே கம்ப்யூட்டரில் படித்துப் பார்த்தான். வெளியே ஒரே சட்டை, உள்ளே வேறு வேறு ஆட்கள். வெவ்வேறு காலத்தில் செய்தவை. உள்ளே இருந்த சில்லுகளைச் செய்த கம்பெனிகளே வேறு.

"தனித்தனியா ரெண்டும் நல்லதுதான் சேச்சி. சேந்து ஓட மாட்டேங்குது. என் தப்பு. சோடியா சோதிச்சு ஒரே பெட்டில வர்றதத்தான் வாங்கணும்."

சந்தனமேரி தலையாட்டினாள். பாடகர் குழுவில் அவள் நிறையப் பார்த்த விஷயம்தான் அது. போர்டு செய்தவர்கள் தாங்களே சோதித்துப் பார்த்த ரேம்களின் பெயர்களை இணையத்தில் போட்டிருந்தார்கள். அதில் உள்ளதாக, ஒரே பெட்டியில் சோடியாக வருவதாக, விசிறியில் இடிக்காத குட்டை முதுகு உள்ளதாகப் பார்த்து ஷிஜு வரவழைத்தான். ரேம் தவிர எல்லாவற்றையும் பூட்டி, பெட்டியைப் பொன்ராஜின் ஜீப்பில் ஏற்றிவிட்டான். ரேமை மட்டும் நானே போடுகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, மேசைமேல் பெட்டியைப் படுக்கவைத்தாள். பக்கத்து வீட்டு முருகேஸ்வரி, அவளோடு ஒரே நிரையில் கொழுந்து எடுக்கிறவள், வேடிக்கை பார்க்க வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பின்னால் லயத்திலிருந்து இன்னும் நாலைந்து பேர். சந்தனமேரி கையைத் துடைத்துக்கொண்டாள், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடப் பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டாள், உறையிலிருந்து ரேமை ஓரத்தில் பிடித்து எடுத்தாள். கையேடு சொன்னபடி, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது இடத்திலும் நான்காவது இடத்திலும், அடியில் உள்ள வெட்டைப் பார்த்து நிறுத்தி, இரண்டு முனையையும் கட்டைவிரலால் அழுத்தினாள். டக் என்று பூட்டு விழும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

மின்சாரம் கொடுத்ததும் விசிறிகள் சுற்றின. திரையில் ஒன்றும் வரவில்லை.

கொஞ்சநேரம் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. முருகேஸ்வரி பக்கத்தில் இருந்தவளை ஒரு பார்வை பார்த்தாள். பொன்ராஜ் பொறுக்கமாட்டாமல் எழுந்து, இதுவும் ஒத்துப்போகவில்லை போல, அணைத்துவிட்டுக் கழற்றிப் போடுவோம் என்று பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"கைய எடுங்க. புது ரேமப் போட்டா முதல் தடவ போர்டு அதப் படிச்சுப் பழகணும். அதுக்கு நேரம் எடுக்கும்னு போட்டிருக்கு. அணைச்சா திரும்ப மொதல்ல இருந்துதான்."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கும் நிச்சயமில்லை. கட்டப்பனையில் பார்த்த இருட்டும் இதே இருட்டுதான். இரண்டு இருட்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து தானாகவே திரும்ப எழுந்தது. பொன்ராஜ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். அப்போது திரை வெளிச்சமானது. போர்டின் பெயர் வந்தது, அதன்கீழே ரேம் என்று போட்டு அறுபத்துநான்கு ஜிபி. இரண்டு இடம் நிறைந்தும் இரண்டு இடம் காலியாகவும் படம் காட்டியது. முருகேஸ்வரிக்கு எழுத்து எதுவும் புரியவில்லை. ஆனால் சந்தனமேரி நாற்காலியில் சாய்ந்து சிரித்ததைப் பார்த்துத் தானும் கைதட்டினாள். அன்று பகல் முழுக்க ரேமைச் சோதிக்கும் மென்பொருளை ஓடவிட்டாள். ஒரு பிழைகூட வரவில்லை.

சாயங்காலம் அந்த மாரியம்மன் பாட்டை எடுத்தாள். கஞ்சிக்கோட்டில் தோற்ற அதே பாட்டு. வயலின் கூட்டத்தை ஏற்றினாள். இறக்கவில்லை. புல்லாங்குழலை ஏற்றினாள். நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி, அடியில் பெரிய தந்தி வாத்தியம், எல்லாவற்றுக்கும் மேலே மணி. ஒவ்வொன்றாக ஏற ஏற, எவ்வளவு இடம் நிறைகிறது என்று ஓரத்தில் பார்த்தாள். பாதிகூடத் தாண்டவில்லை. ஓடவிட்டாள்.

தான் அமைத்த இசை முழுதும் உயிரோடு ஓடுவதை அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகக் கேட்டாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே நாதஸ்வரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள், தள்ளிப்போனது. புல்லாங்குழலுக்கு ஒரு வரியைக் கூட்டினாள், கூடியது. ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் அதற்கு இடம்விட்டு நகர்வதுபோல் இருந்தது. பழைய இசையில் எங்கெல்லாம் தப்பு என்று இப்போது பளிச்சென்று தெரிந்தது. பம்பை அதிகம். வயலின் தேவையில்லாத இடத்தில் அழுகிறது. திருத்திக்கொண்டே போனாள். பொன்ராஜ் சோற்றைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தான், அது ஆறிப்போனது.

கார்த்திகை பிறந்து சில நாளில் சிவப்பிரகாஷுக்கு அந்தப் பாட்டின் புதிய வடிவத்தை அனுப்பினாள். வேலை கேட்கவில்லை. இப்போது எந்தக் கட்டைக்கும் உடனே மாற்றித்தர முடியும் என்று மட்டும் எழுதினாள். அவர் மறுநாளே கூப்பிட்டார். அவரும் பழனிச்சாமியும் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்கள். ஒரு ஐயப்பன் பாட்டு மகரவிளக்குக்கு முன்னால் வெளிவர வேண்டும். இசை அமைப்பதாகச் சொன்னவர் கைவிரித்துவிட்டார். மெட்டைப் பாடி அனுப்புகிறேன், நாங்கள் மலைக்குப் போவதே உங்கள் வழியாகத்தான், வரும்போது கேட்கலாமா என்றார். வாருங்கள் என்றாள்.

மாலை போட்டவர்கள் வருகிறார்கள் என்பதால் முருகேஸ்வரி தன் வீட்டில் சமைத்துவிடுகிறேன் என்று தானே பொறுப்பேற்றாள். குட்டிக்கானத்தில் இறங்கியவர்களைப் பொன்ராஜ் ஜீப்பில் ஏற்றிவந்தான். கறுப்பு வேட்டியும் துளசிமாலையுமாக இரண்டுபேரும் மேசை முன்னால் உட்கார்ந்தார்கள். சந்தனமேரி ஐயப்பன் பாட்டை ஓடவிட்டாள். முடிந்ததும் பழனிச்சாமி திரும்ப ஒருமுறை போடச் சொன்னார். கேட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார். மலைக்குளிரும் வழியெல்லாம் போட்ட சரணமும் சேர்ந்து அவர் குரலைக் கட்டியிருந்தன.

"அம்மா சாமி, சொல்றதுக்கே சங்கடமா இருக்குதுங்க. இன்னைக்கு இருக்கற தொண்டைக்கு ஒன்றரைக் கட்டை எறங்குனாத்தான் வாய தொறக்க முடியுமுங்க."

சிவப்பிரகாஷ் அவளைப் பார்த்தார். அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். எல்லா வாத்தியங்களும் ஒன்றரைக் கட்டை இறங்கி நின்றன. ஒரே இடத்தில் மட்டும் அடியில் ஒலிக்கும் தந்தி வாத்தியம் அதன் கீழ்க்கடைசிச் சுரத்தைத் தாண்டிப்போய் ஊமையானது. அதை மேலே தூக்கி வாசித்துச் சரிசெய்தாள். பழனிச்சாமி தண்ணீர் குடித்துவிட்டு, கோயில் பாட்டுகளுக்காக அவள் வைத்திருந்த மைக் முன்னால் நின்றார். கட்டிய குரலில் ஒரு கரகரப்பு இருந்தது. அது பாட்டுக்குக் காட்டுவழியில் நடந்துவருகிறவனின் குரலைக் கொடுத்தது. பாடப் பாட அவருக்கு ஆசை பிறந்தது. இந்த இடத்தில் செண்டை வந்தால் என்ன என்றார். ஏற்றினாள், வந்தது. இங்கே வயலின் மேலே ஏறட்டும் என்றார். ஏறியது. ஒன்றும் திணறவில்லை. சிவப்பிரகாஷ் தரையில் சம்மணம்போட்டு உட்கார்ந்து, தொழிலை மறந்து, சின்னப்பையன்போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றே ஒன்றுதான் கூடவில்லை. சரணகோஷம் வரும் இடத்தில் கூட்டக்குரல் வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்த கூட்டக்குரல்கள் ஆ என்றும் ஓ என்றும் மட்டும் பாடும். வார்த்தை சொல்லத் தெரியாது. பாலக்காட்டுக்குப் போய் ஆள் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் சிவப்பிரகாஷ். அதே நேரம் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சந்தனமேரி வாசலில் நின்று முருகேஸ்வரியைக் கூப்பிட்டாள், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா என்றாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமல்கூட வந்தார்கள் சிலர். மாரியம்மன் கோயிலில் குலவை போடுகிறவர்களும் மாதாகோயிலில் பதில்பாட்டுப் பாடுகிறவர்களுமாகக் கலந்து, நடுவீடு கொள்ளாமல் நின்றார்கள். ஒருதரம் சொல்லிக்கொடுத்தாள். முதலில் சுருதி சேரவில்லை. முருகேஸ்வரி மட்டும் குரலைத் தூக்கினாள். மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மூன்றாவது முறை, வெட்டவெளியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய அந்தக் குரல்கள் ஒன்றாய் எழுந்தபோது பழனிச்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் தன் வரியைப் பாடினார்.

இருட்டுவதற்குமுன் பாட்டு முடிந்தது. மலைக்குக் கிளம்பும்போது சிவப்பிரகாஷ் ஜீப்பில் ஏறாமல் நின்றார்.

"மேரியக்கா, அன்னைக்கு நான் இன்னொருத்தருக்கு போன் போட்டேனுங்க. தப்புன்னு சொல்லலீங்க, எனக்கு வேற வழி இல்ல. ஆனா இனி இந்த மாதிரிப் பாட்டுக்கு வேற யாருக்கும் போட மாட்டேன்."

"அதெல்லாம் இருக்கட்டும் சாமி. பத்திரமாப் போயிட்டு வாங்க. பாடுனவங்க பேரெல்லாம் பாட்டுல வரணும். அது மட்டும் விட்டுராதீங்க."

விடவில்லை. மகரவிளக்குக்கு முன்னால் பாட்டு வெளிவந்தபோது இசை சந்தனமேரி என்று ஒரு வரியும், அதன்கீழே முருகேஸ்வரி தொடங்கிப் பெண்கள் அத்தனைபேரின் பெயரும் வந்தன. குட்டிக்கானத்து டீக்கடையில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இது சென்னைக் குழு என்று கடைக்காரர் யாரிடமோ சொல்ல, பொன்ராஜ் டீயை வைத்துவிட்டுப் போனை எடுத்து, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினான்.

பங்குனித் திருவிழாவுக்கு மாரியம்மன் பாட்டுகள் ஒரு தொகுப்பாக வேண்டும் என்று சிவப்பிரகாஷிடமிருந்து செய்தி வந்தது. கூட்டக்குரலுக்கு அதே பெண்கள் வர வேண்டும், அவர்களுக்கும் சம்பளம் உண்டு என்று பழனிச்சாமி தனியாகச் சொல்லியனுப்பினார். மறுநாள் காலை நிரையில் நின்றபோது சந்தனமேரி புதுப் பாட்டின் முதல் வரியை மெல்ல எடுத்துக்கொடுத்தாள். முருகேஸ்வரி அதைப் பிடித்தாள். கைகள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தன. மேல்நிரையில் இருந்த பெண்கள் இரண்டாவது வரியைக் கேட்டார்கள். அவள் அதையும் பாடிக் காட்டினாள். பனி விலகிக்கொண்டிருந்த சரிவில், மேலே ஒரு குரலும் கீழே ஒரு குரலுமாக, பாட்டு ஏறத் தொடங்கியது.